புலம்பலுக்கும் குறிப்பாணையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம் செவிலியர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் என் வீட்டுக்கு வந்தார். அவர் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு கொடுத்த குறிப்பாணை அது. இரவுப் பணி பார்க்கும் ஒன்பது செவிலியர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதிய வரிகளை அதில் அப்படியே தட்டச்சு செய்திருந்தார்கள். "இன்றைக்கும் மூன்றாவது மாடி முழுக்க நான் ஒருத்திதான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மூச்சுத்திணறல் வந்தால் யாரிடம் ஓடுவேன்? சம்பளமும் பத்தாம் தேதியைத் தாண்டிவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு மனசே இல்லை." இந்த வரிகளுக்குக் கீழே, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காகவும் மேலதிகாரிகளை அவமதித்ததற்காகவும் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று கேட்கப்பட்டிருந்தது.

நான் வங்கி ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் சங்கப் பொறுப்பில் இருந்ததால், உள்விசாரணைகளில் குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களுக்குத் துணையாக உட்கார்ந்து அவர்களுக்காகப் பேசியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் குறிப்பாணையை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அன்று இரவு மூன்றாவது மாடியில் உண்மையிலேயே ஒரே ஒரு செவிலியர்தான் இருந்தாரா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை. சம்பளம் தாமதமானது உண்மையா என்ற கேள்வியும் இல்லை. நோயாளிகளின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு தகவல், கேட்காமலேயே நிர்வாகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிர்வாகமோ அதை எழுதியவர் யார் என்று பார்த்ததோடு நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தை எழுத என்னைத் தூண்டியது அந்தப் பெண்ணின் கண்ணீரைக் காட்டிலும், அந்தத் தாளில் கேட்கப்படாமல் போன இந்தக் கேள்விதான்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி வேலை செய்பவர்கள் பேசிக்கொள்வது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. எங்கள் காலத்தில் கிளைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் மாலை ஆறு மணிக்கு மேல் நாங்கள் பேசாத பேச்சு இல்லை. மேலாளரின் கோபம், கிடைக்காத விடுப்பு, இடமாற்றத்தில் நடந்த பாரபட்சம், கணக்கு நேராகாமல் ஒன்பது மணி வரை உட்கார்ந்த எரிச்சல் எல்லாம் அங்கே கொட்டப்பட்டன. சில சமயம் வார்த்தைகள் தடித்தும் இருந்தன. பேசி முடித்து வீட்டுக்குப் போனால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும், மறுநாள் காலையில் அதே மேலாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டு அதே நாற்காலியில் உட்காருவோம். இன்று எட்டு மணி நேர முறைப்பணியில் ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் வெளியேறுகிறார். சேர்ந்து உட்காரத் தேநீர்க் கடைக்கு நேரமில்லை, பெண்களுக்கு அந்த வசதி எப்போதுமே இருந்ததில்லை. எனவே அந்தப் பேச்சு கைபேசிக்குள் இடம் மாறியிருக்கிறது. பேச்சின் தன்மை மாறவில்லை. அன்று காற்றோடு போனது இன்று எழுத்தாக நின்றுவிடுகிறது, யாராவது ஒருவர் விரலால் அழுத்திப் படம்பிடித்து அனுப்பிவிட முடிகிறது என்பதுதான் மாற்றம். ஒரு சொல் அழியாமல் இருக்கிறது என்பதற்காகவே அது குற்றமாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பு அது. தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நிர்வாகத்தை விமர்சித்து 2022இல் எழுதியிருந்தார். அவர் தொழிற்சங்கத்திலும் தீவிரமாக இயங்கியவர். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கியது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தக் குறிப்பாணையையே ரத்து செய்தார். சாதாரணமாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலையில் நீதிமன்றங்கள் தலையிடுவதில்லை. விசாரணை முடியட்டும், தண்டனை வந்தபின் மேல்முறையீடு செய்யுங்கள் என்றே சொல்லி அனுப்புவார்கள். அந்த நிலையிலேயே தலையிட்டது, குற்றச்சாட்டில் சொல்லப்பட்டது ஒழுங்கீனமே இல்லை என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்ததால்தான்.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் மிக எளிமையானது. சில ஊழியர்கள் ஒருவர் வீட்டில் கூடித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சின் மீது நிர்வாகத்தின் நடத்தை விதிகள் பாயாது. அதே பேச்சு, வேறு யாரும் நுழைய முடியாத, மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு குழுவில் நடந்தால் மட்டும் ஏன் பாய வேண்டும் என்று நீதிபதி கேட்டார். ஒரு நிறுவனத்தில் இருக்கும் எவருக்கும் ஏதாவது ஒரு குறை இருக்கும், அதை வெளியே கொட்டினால் மனம் லேசாகும், அப்படிக் கொட்ட விடுவது நிறுவனத்துக்கே நல்லது, நிறுவனத்தின் பெயர் உண்மையிலேயே பாதிக்கப்படும்போது நிர்வாகம் குறுக்கிடலாம், அதுவரை கூடாது என்றார். மனக்குமுறலைக் கொட்டும் உரிமை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். நம் மொழியில் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. ஆற்றாமை என்கிறோம். தாங்க முடியாததைச் சொல்லி ஆற்றிக்கொள்வதை எந்தக் காலத்திலும் நாம் குற்றமாகக் கருதியதில்லை. வேவு பார்க்கும் மென்பொருள்களைக் கொண்டு ஊழியர்களின் உரையாடல்களுக்குள் நிர்வாகங்கள் நுழையும் நாள் வரலாம், அப்படிப் பெறும் தகவலை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது.

இந்தத் தீர்ப்பைச் செவிலியருக்குப் படித்துக் காட்டியபோது அவர் முகம் தெளிந்தது. ஆனால் அடுத்ததாக ஒன்றை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கிராம வங்கி அரசின் அங்கமாகக் கருதப்படும் நிறுவனம். அங்கே வேலை செய்பவர் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. தனியார் மருத்துவமனையின் ஊழியருக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. அவர் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தொடங்கி, தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய ஆலைகளிலாவது எது ஒழுங்கீனம் என்று வரையறுக்கும் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள் உண்டு. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் பொதுவாக 100 தொழிலாளர்கள் உள்ள தொழிலகங்களுக்குப் பொருந்தியது. அதற்குப் பதிலாக வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 300ஆக உயர்த்திவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் எண்ணற்ற மருத்துவமனைகள், பள்ளிகள், கடைகள், சிறு ஆலைகளில் நற்பெயருக்குக் களங்கம் என்றால் என்ன என்பதை, களங்கம் ஏற்பட்டதாகச் சொல்லும் முதலாளியே தீர்மானிக்கிறார்.

அரசு ஊழியர்களின் நிலை ஒரு வகையில் மேல், இன்னொரு வகையில் மோசம். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் எழுதப்பட்டபோது பத்திரிகை, வானொலி, பொதுக்கூட்ட மேடை ஆகியவைதான் பொதுவெளி. ஐந்து பேர் இருக்கும் குழு ஒன்றைக் கைபேசியில் வைத்திருப்பதை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. அரசை விமர்சிக்கும் பொதுப் பேச்சைத் தடுக்க எழுதிய அதே விதியைத் தூக்கி, தனிப்பட்ட உரையாடல் மீது போடுகிறார்கள். சிறு தண்டனைக்கான 17(அ) விதியா, பெருந்தண்டனைக்கான 17(ஆ) விதியா என்ற நடுக்கத்துடன் ஊழியர் பதில் எழுதுகிறார். அரசு வேலையில் சேர்ந்ததாலேயே ஒருவர் தம் அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது. வேலைநிறுத்தத்தை அது உரிமையாக ஏற்கவில்லை; 2003இல் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமான தமிழ்நாட்டு ஊழியர்கள் ஒரே உத்தரவில் வேலையிழந்த வழக்கிலும் ஏற்கவில்லை. ஆனால் கருத்தை வெளிப்படுத்துவது வேறு, வேலையை நிறுத்துவது வேறு. அரசு ஊழியருக்கும் கருத்துரிமை உண்டு என்று கூறி, அரசியல் கூட்டம் ஒன்றுக்குப் போனதற்காகவும் முகநூலில் எழுதியதற்காகவும் ஓய்வுபெறச் சில நாட்களே இருந்த பெண் ஊழியர் ஒருவர் மீது தொடுக்கப்பட்ட நடவடிக்கையைத் திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் ரத்து செய்தது. முகநூல் எல்லோரும் பார்க்கும் இடம். அங்கேயே உரிமை உண்டு என்றால், பூட்டிய குழுவுக்குள் எவ்வளவு இருக்க வேண்டும்!

2012இல் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஏர் இந்தியா ஊழியர்கள் இருவர், சங்கத் தகராறு ஒன்றின் பின்னணியில் சமூக வலைத்தளத்தில் எழுதியதற்காக மும்பையில் கைது செய்யப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார்கள். அதற்குப் பயன்பட்ட, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. காவல் துறையின் கையிலிருந்து அந்தக் கருவி போய்விட்டது. மனிதவளப் பிரிவின் கையில் அதே போன்ற ஒன்று வேறு பெயரில் இருக்கிறது, அதற்கு நீதிபதியின் கையெழுத்தும் தேவைப்படுவதில்லை.

இனி ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருகிறேன். இந்த வழக்குகளின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஒரு மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க வேண்டுமானால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் வேண்டும். இந்திய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு அதைக் கேட்டது; அசல் கருவியையே கொண்டுவந்து காட்டாதவரை அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவும் அதைத் தொடர்கிறது. ஆனால் நிறுவனத்துக்குள் நடக்கும் உள்விசாரணையைச் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினாலே போதும். ஆகவே யாரோ ஒருவர் அனுப்பிய, முன்னும் பின்னும் வெட்டப்பட்ட, தேதி தெரியாத ஒரு படத்தின் அச்சுப் பிரதி ஒருவருடைய வேலையைப் பறிக்கப் போதுமானதாகிவிடுகிறது. நான் உடனிருந்த ஒரு விசாரணையில், ஊழியர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடுமையான வாக்கியம் உண்மையில் வேறொருவர் எழுதியதற்கு அவர் அளித்த பதிலில் மேற்கோளாகத் தோன்றிய பகுதி. முழு உரையாடலையும் காட்டச் சொன்னோம். படத்தைக் கொடுத்தவர் பெயரைச் சொல்ல முடியாது, அவர் நம்பிக்கையின் பேரில் கொடுத்தார் என்று விசாரணை அலுவலர் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் ஒருவர் மீது ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையை உடைத்துக் கொண்டுவந்த படத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு அளிக்கப்பட்டதை இன்று வரை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படிப் படத்தைக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் கெட்டவர் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியவர், இடமாற்றம் கேட்டுக் காத்திருப்பவர், வீட்டுக் கடன் தவணை கட்டுபவர். யாராவது ஏதாவது எழுதினால் எனக்குச் சொல்லுங்கள் என்று மேலே இருந்து ஒரு வார்த்தை வந்தால் மறுக்க முடியாதவர். ஒரே வார்டில் ஒருவர் கையை ஒருவர் நம்பி வேலை செய்ய வேண்டியவர்கள், அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பேச்சை நிறுத்துகிறார்கள். இந்தச் சேதம் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை.

தண்டனை வருவதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுவதையும் சொல்ல வேண்டும். விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம் என்று ஓர் உத்தரவு வரும். 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுப் பிழைப்பூதியச் சட்டத்தின்படி முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம் தர வேண்டும். அந்தச் சட்டத்தை அறிந்து கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர்? பாதிச் சம்பளத்தில் மூன்று மாதம் குடும்பம் நடத்த முடியாமல், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தானாகவே ராஜினாமா செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராஜினாமா என்பதால் அங்கே விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கைபேசி ஊழியருடையது, அதற்கு மாதாமாதம் பணம் கட்டுபவரும் ஊழியர்தான். அதே கைபேசியில்தான் நிறுவனம் தன் அதிகாரபூர்வக் குழுவை நடத்துகிறது. வருகைப் பதிவுக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும், இரவு பத்து மணிக்கு வரும் உத்தரவுக்கு உடனே "சரி சார்" என்று பதில் போட வேண்டும், ஒரு நாள் பதில் போடத் தவறினால் அதற்கும் கேள்வி வரும். அந்தக் குழுவில் மேலதிகாரி ஊழியரைத் திட்டுவதை அறுபது பேர் பார்க்கிறார்கள். அது யாருடைய நற்பெயருக்கும் களங்கமாகக் கணக்கிடப்படுவதில்லை. அதிகாரபூர்வக் குழுவில் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது, அது அலுவலகத்தின் நீட்சி. ஆனால் ஊழியர்கள் தாங்களாகத் தொடங்கி, தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்ட குழு அலுவலகம் ஆகாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் இன்றைய குழப்பத்தின் வேர்.

எல்லாவற்றையும் அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தையோ நோயாளியின் மருத்துவ அறிக்கையையோ ஐந்து பேர் இருக்கும் குழுவில் போட்டாலும் அது நம்பிக்கைத் துரோகம். சக பெண் ஊழியரைப் பற்றி ஆபாசமாக எழுதுவதும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், மிரட்டுவதும் குழு சிறியது என்பதால் மன்னிக்கத் தக்கவை ஆகா. ஸ்காட்லாந்தில் காவலர்கள் சிலர் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இனவெறியும் பெண் வெறுப்பும் கொண்ட செய்திகளைப் பகிர்ந்தபோது, அவற்றைத் துறை நடவடிக்கைக்குப் பயன்படுத்தலாம் என்று அங்குள்ள நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. மக்கள் மீது அதிகாரம் செலுத்துபவர்கள் அந்த மக்களையே இழிவாக நினைக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரிந்தது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. அங்கே காயப்பட்டவர் கீழே இருப்பவர். செவிலியரின் குறிப்பாணையில் காயப்பட்டதாகச் சொல்லிக்கொள்பவர் மேலே இருப்பவர், அவரைக் காயப்படுத்தியதும் ஓர் உண்மைத் தகவல். மனசே இல்லை என்ற கடைசி வரி கடுமையானது என்று வேண்டுமானால் சொல்லலாம். தனியாக ஒரு மாடியைச் சுமந்துவிட்டு வந்த ஒருவர் தம் தோழியரிடம் வேறு எந்த மொழியில் பேசுவார்?

ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில் 2017 செப்டம்பரில் சொன்ன அளவுகோல்கள் நமக்கும் உதவும். அவர் பயன்படுத்தியது அலுவலகக் கணினி, அலுவலக வேலைக்காகத் தொடங்கப்பட்ட கணக்கு. அப்படியிருந்தும், கண்காணிக்கப் போகிறோம் என்று ஊழியருக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொன்னீர்களா, எவ்வளவு ஆழமாக உள்ளே போனீர்கள், அதற்கு நியாயமான காரணம் இருந்ததா, இதைவிடக் குறைந்த ஊடுருவலுடன் அதே நோக்கத்தை அடைந்திருக்க முடியாதா என்றெல்லாம் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்றது. நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமித்துச் சொன்னார்கள். அதன் பின் வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலேயே தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. நிறுவன ரகசியங்களைத் திருடுவதைத் தடுக்க வைத்த அந்த வாசகம், சம்பளம் வரவில்லை என்ற பேச்சைத் துழாவுவதற்கும் வளைக்கப்படும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

பூட்டிய குழுவில் பேசியதைக் குற்றமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் அனைவரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019 டிசம்பர் 30 அன்று, சீனாவின் வூஹான் மத்திய மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த லீ வென்லியாங், தம்முடன் மருத்துவம் படித்தவர்களின் வீசாட் (வாட்ஸ்அப் போன்ற சீனச் செயலி) குழுவில் ஒரு செய்தி போட்டார். தம் மருத்துவமனையில் ஏழு பேருக்கு சார்ஸ் போன்ற தொற்று இருக்கிறது, குடும்பத்தினரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். வெளியே பரப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சில மணி நேரத்தில் அவர் பெயருடனேயே ஸ்கிரீன்ஷாட் வெளியே போய்விட்டது. மருத்துவமனை அவரை அழைத்து விசாரித்தது. ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில், பொய்யான செய்தியைப் பரப்பிச் சமூக ஒழுங்கைக் கெடுத்ததாக எழுதப்பட்ட கண்டனத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தகவலின் மூலமான பரிசோதனை அறிக்கையைச் சக மருத்துவருக்கு அனுப்பிய அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவர் ஐ ஃபென் அவர்களையும் மருத்துவமனையின் ஒழுங்குப் பிரிவு கடுமையாகக் கண்டித்தது. லீ அதே தொற்றுக்கு ஆளாகி 2020 பிப்ரவரி 7 அன்று இறந்தார். மார்ச் மாதம் அரசின் விசாரணைக்குப் பிறகு அந்தக் கண்டனம் திரும்பப் பெறப்பட்டது, காவல் துறை குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது.

சீனாவின் ஆட்சி முறை வேறு, நம்முடையது வேறு என்பதை அறிவேன். ஆனால் அந்தக் கண்டனத் தாளை எழுதியவர்களும் எழுதியவர் யார் என்றுதான் கேட்டார்கள். எழுதியது உண்மையா என்று கேட்கவில்லை. எங்கள் தெருச் செவிலியருக்கு வந்த தாளும் அதையேதான் செய்கிறது. ஆலையில் தேய்ந்துபோன கம்பிவடம், பேருந்துப் பணிமனையில் மாற்றப்படாத பிரேக், மருத்துவமனையில் இல்லாத ஆள் என எல்லாவற்றையும் முதலில் பார்ப்பவர் அங்கே வேலை செய்பவர். அவர் முதலில் சொல்வது பக்கத்தில் வேலை செய்பவரிடம்.

ஆகவே தமிழ்நாடு அரசுக்கு, குறிப்பாகத் தொழிலாளர் நலத் துறைக்கும் மனிதவள மேலாண்மைத் துறைக்கும், தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மதுரைக் கிளையின் தீர்ப்பு ஒவ்வோர் ஊழியரும் வழக்குப் போட்டுத் திரும்பத் திரும்பப் பெற வேண்டிய ஒன்றாக இருக்கக் கூடாது. 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளிலும், புதிய சட்டத் தொகுப்பின்கீழ் சான்றளிக்கப்படும் நிலையாணைகளிலும், பணி நிலைமை குறித்து ஊழியர்கள் தங்களுக்குள் வரையறுக்கப்பட்ட குழுவில் பேசிக்கொள்வது ஒழுங்கீனம் ஆகாது என்று ஒரு தனி வாசகம் சேர்க்கப்பட வேண்டும். விதிவிலக்குகளை மேலே நான் சொன்னவாறு பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் போதும். கொடுத்தவர் யார் என்று தெரியாத, முழு உரையாடல் காட்டப்படாத ஒரு படத்தை மட்டும் வைத்து எவரையும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இப்படிப்பட்ட செய்தியின்பேரில் விளக்கம் கேட்கும் எந்த நிர்வாகமும், அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட குறை உண்மையா என்று தான் விசாரித்ததையும் என்ன கண்டது என்பதையும் அதே குறிப்பாணையில் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கு நிலையாணைகள் இல்லாத இடங்களில், மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் அரசுத் துறையே இதை ஒரு நிபந்தனையாக வைக்க முடியும்.

செவிலியரின் விளக்கத்தை நாங்கள் இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். மன்னிப்பு என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று அவர் கேட்டார். வயதான தாயாரும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் அவர் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள் என்பதால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி வரியின் கடுமைக்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டு, மற்றவை உண்மை என்று எழுதினார். அன்றைய இரவின் பணிப் பட்டியலைப் பார்க்குமாறும் கேட்டிருந்தார். பதில் கொடுத்து இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன, நிர்வாகத்திடமிருந்து மறுமொழி இல்லை. அந்த ஒன்பது பேர் குழுவில் இப்போது காலை வணக்கப் படங்களைத் தவிர வேறெதுவும் வருவதில்லையாம். நேற்று இரவு அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். மூன்றாவது மாடிக்கு ஆள் போட்டார்களா என்று கேட்டேன். இல்லை தாத்தா, இன்றைக்கும் நான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.